ஓடி விழும் நாய்க்கு என்ன செய்வது?

மக்காச்சோளத்தில் படைப்புழு, பருத்தியில் காய்ப்புழு என்று பேசுகிற ஆள் இன்றைக்கு நாயைப் பற்றிப் பேச உட்கார்ந்துவிட்டானே என்று உங்களுக்குத் தோன்றலாம். நான் கால்நடை மருத்துவர் அல்ல. வேளாண்மை விரிவாக்கப் பணியில் இருக்கிறவன். ஆனாலும் எந்தத் தோட்டத்துக்குப் போனாலும் என்னை முதலில் விசாரிப்பது நாய்தான். விவசாயி அப்புறம்தான் வருகிறார். விளைந்த மக்காச்சோளத்தில் காட்டுப்பன்றி இறங்காமல் இராக்காவல் இருப்பதும், கிடை போட்ட ஆட்டுக்குத் துணையாகப் படுத்திருப்பதும் அதுதான். ஆகவே உரத்துக்கும் பூச்சிமருந்துக்கும் நடுவில் ஒரு நாளை அதற்கு ஒதுக்கினால் தப்பில்லை.

ஓடிக்கொண்டிருக்கும்போதே பின்னங்கால் தளர்ந்து, கால் பின்னி, பொத்தென்று விழுந்துவிடுகிற நாயைப் பற்றித்தான் இன்று சொல்லப்போகிறேன்.

நான் பணியில் சேர்ந்த புதிது. கரிசல் பூமியில் ஓர் ஊர். அக்னி நட்சத்திர வெயில். காட்டிலிருந்து ஒருவர் மொபெட்டில் வருகிறார். அவர் பின்னாலேயே அவருடைய நாய் ஓடி வருகிறது. ஊர் மந்தைக்குப் பக்கத்தில் வந்ததும் அதன் பின்னங்கால்கள் கள் குடித்தவன் கால் மாதிரித் தள்ளாடின. நாலு எட்டு இழுத்துக்கொண்டு வந்து விழுந்தது. வாயெல்லாம் எச்சில். வண்டிக்காரர் திரும்பிப் பார்க்காமல் போய்விட்டார். "வெறிநாய்!" என்று யாரோ ஒரு சத்தம் கொடுத்தார்கள். அப்புறம் என்ன, கம்பும் கல்லும் வந்துவிட்டன. நாயைக் காணோமே என்று அவர் திரும்பி வந்தபோது காரியம் முடிந்துவிட்டிருந்தது. "போன வாரமும் இப்படித்தான்யா விழுந்துச்சு. கா மணி நேரத்துல எந்திரிச்சு கஞ்சி குடிச்சுச்சே" என்று அதன் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு சொன்னார்.

அறிவியல் பட்டம் வாங்கிய நானும் அந்தக் கூட்டத்தில்தான் நின்றிருந்தேன். ஒரு வார்த்தை சொல்லவில்லை. என்ன சொல்வது என்று எனக்குத் தெரியவும் இல்லை. பிற்பாடு கால்நடை மருத்துவர்களிடம் கேட்டும், படித்தும், பார்த்தும் தெரிந்துகொண்டதைத்தான் இப்போது உங்களிடம் சொல்கிறேன்.

அந்தப் பெரியவர் சொன்னாரே, கால் மணி நேரத்தில் எழுந்துவிட்டது, கஞ்சி குடித்தது என்று, அதில்தான் விஷயமே இருக்கிறது. வெறிநோய் கண்ட நாய் நாளுக்கு நாள் மோசமாகுமே தவிரத் தேறாது. குரைக்கிற குரல் மாறும். கீழ்த்தாடை தொங்கும். தண்ணீரோ சோறோ விழுங்க முடியாது. வீட்டு ஆள் மேலேயே பாயும். அல்லது இருட்டு மூலையில் போய் ஒடுங்கும். நோய் வெளியே தெரிந்தபின் சுமார் பத்து நாளைக்குள் செத்துவிடும். ஓடியதால் தளர்ந்து விழுந்த நாய் அப்படி இல்லை. விழுந்து கிடக்கும்போதே கண் உங்களைப் பார்க்கும். பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் வால் ஆடும். கொஞ்ச நேரத்தில் எழுந்து, ஒன்றும் நடக்காதது போல் வீட்டுக்கு நடக்கும்.

இதைக் கேட்டுவிட்டு விழுந்து கிடக்கிற தெருநாயின் வாயில் யாரும் கை வைத்துவிடாதீர்கள். தடுப்பூசி போட்டதா இல்லையா என்று தெரியாத நாயானால் எட்ட நின்று பாருங்கள், பிள்ளைகளை அண்டவிடாதீர்கள். கடித்துவிட்டாலோ, காயத்தில் எச்சில் பட்டுவிட்டாலோ ஓடுகிற தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு, அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய் ஊசி போட்டுக்கொள்ள வேண்டும். வீட்டு நாய்க்கு மூன்று மாதக் குட்டியாக இருக்கும்போதும், பிறகு வருடா வருடமும் வெறிநோய்த் தடுப்பூசி போட்டு, சீட்டைப் பத்திரமாக வைத்திருங்கள். அன்றைக்கு மந்தையில் அந்த ஒரு சீட்டு யார் கையிலாவது இருந்திருந்தால் ஓங்கின கம்பு நின்றிருக்கும்.

சரி, நாய் ஏன் விழுகிறது? நம் பக்கத்தில் முதல் காரணம் வெயில்தான்.

நமக்கு உடம்பெல்லாம் வியர்க்கிறது. நாய்க்கு அப்படி இல்லை. உள்ளங்காலில் மட்டும் கொஞ்சம் வியர்க்கும். அது உடம்பு ஆறுவதற்குப் போதாது. நாக்கைத் தொங்கவிட்டு இளைத்து, வாயின் ஈரத்தைக் காற்றில் போக்கித்தான் அது உடம்புச் சூட்டைத் தணிக்கிறது. ஓடுகிற சதை சூட்டைக் கிளப்பிக்கொண்டே இருக்கும். வெளியே வெயில், கீழே தார்ச்சாலை, அல்லது மழை பெய்து விட்ட புழுக்கம் என்றால், இளைப்பு எவ்வளவு வேகமாக இருந்தாலும் சூடு இறங்காது. உழவு மாடு முடியவில்லை என்றால் நின்றுவிடும். கட்டிப் படுத்துக்கொள்கிற மாட்டை நாமே பார்த்திருக்கிறோம். நாய்க்கு அந்தப் புத்தி கிடையாது. எஜமானன் வண்டி முன்னால் போகிறவரைக்கும் அது பின்னால் ஓடும்.

இங்கிலாந்தில் கால்நடை மருத்துவமனைகளின் பதிவுகளைப் பார்த்து 2020ல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். வெப்பத்தால் பாதிக்கப்பட்டு வந்த நாய்களில் ஏறக்குறைய நான்கில் மூன்று, நடந்ததாலும் ஓடியதாலும் பாதிக்கப்பட்டவை. சூடான வண்டிக்குள் அகப்பட்டுக்கொண்டவை நூற்றுக்கு ஐந்துதான். குளிர் நாட்டிலேயே இப்படி. நம் ஊர்ச் சித்திரை, வைகாசியில் மொபெட்டுக்குப் பின்னால் மூன்று மைல் ஓடுகிற நாயின் கதி என்ன ஆகும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

வெப்பத்தால் விழுந்த நாய் நிற்காமல் இளைக்கும். ஈறு செக்கச்செவேல் என்று இருக்கும். எச்சில் பசை போல் இழுபடும். வாந்தி எடுக்கும், இரத்தமாகக் கூடக் கழியும். நிழலில் போட்டாலும் சட்டென்று தேறாது. அந்த நேரத்தில் வண்டி பிடிக்க ஓடாதீர்கள். முதலில் உடம்பைக் குளிர வையுங்கள். அப்புறம் மருத்துவரிடம் கொண்டு போங்கள். இளம் நாய், திடமான நாய், நினைவோடு இருக்கிறது என்றால் மோட்டார் தொட்டித் தண்ணீரில் கழுத்து வரை இறக்கி, தலையை மட்டும் மேலே தாங்கிப் பிடித்துக்கொள்ளலாம். கிழட்டு நாய், நோஞ்சான் நாய் என்றால் குடம் குடமாக உடம்பில் ஊற்றி, முறத்தாலோ மட்டையாலோ விசிறுங்கள். தண்ணீர் மயிருக்குள் இறங்கித் தோலில் பட வேண்டும். குளிர்ந்த தண்ணீர் கூடாது என்று முன்பு சொல்லி வந்தார்கள். இப்போது அதை மாற்றிக்கொண்டுவிட்டார்கள். இருக்கிற தண்ணீரை உடனே ஊற்ற வேண்டும் என்பதுதான் இன்றைய முடிவு. ஈரச் சாக்கைப் போர்த்துகிற பழக்கத்தை விட்டுவிடுங்கள். சாக்குக்கு அடியில் சூடு அடைபட்டுப் போகும், காற்றும் படாது.

இரண்டு மூன்று காரியங்களைச் செய்யவே கூடாது. கிடக்கிற நாயின் வாயைப் பிளந்து தண்ணீரோ மோரோ ஊற்றினால் அது நுரையீரலுக்குள் போய்விடும். தானாக எழுந்து குடித்தால் குடிக்கட்டும். வலிப்பு என்று நினைத்து வெங்காயச் சாறு பிழிகிறார்கள். வெங்காயம் நாய்க்கு ஆகாது, இரத்த அணுக்களை அழிக்கும். இரும்புச் சாவி வைப்பதால் நன்மையும் இல்லை, கெடுதலும் இல்லை, நேரம்தான் வீண். நமக்குக் கொடுக்கிற காய்ச்சல் மாத்திரையைக் கொடுத்துவிடாதீர்கள். ஓடி ஏறிய சூட்டை அது இறக்காது. நாயின் உடம்புக்கு விஷமாகவும் ஆகலாம்.

நாய் எழுந்துவிட்டது, இனி மருத்துவர் எதற்கு என்று சிலர் கேட்பார்கள். கடுமையான வெப்பம் தாக்கிய நாய்க்குச் சிறுநீரகமும் இரத்தமும் கெடுவது ஒரு நாள் இரண்டு நாள் கழித்துத்தான் தெரிய வரும். அதனால் தேறினாலும் காட்டிவிட வேண்டும்.

வெயில் இல்லாமலும் நாய் விழும். உண்ணி மொய்த்த நாய்க்கு உண்ணிக் காய்ச்சல் கண்டு, இரத்தம் வற்றி, ஈறு வெளுத்துப் போயிருக்கும். நாலு எட்டு ஓடினால் நின்றுவிடும். இருதயம் பழுதான நாய் சட்டென்று மயங்கி விழுந்து, ஒரு நிமிடத்துக்குள் எழுந்துவிடும். காக்காய் வலிப்பு பெரும்பாலும் நாய் சும்மா படுத்திருக்கும்போதோ தூங்கும்போதோ வரும். நினைவு இருக்காது, உடம்பு விறைத்து நாலு காலும் வெட்டும், அங்கேயே நீர் போய்விடும். நம்முடைய பூச்சிமருந்து இருக்கிறதே, அதை நான் சொல்லாமல் விட முடியாது. மருந்து கலந்த வாளியை நக்கிய நாய் எச்சில் ஒழுக, சதை துடிதுடிக்கக் கிடக்கும். அந்த நாயை மருந்துப் புட்டியோடு மருத்துவரிடம் கொண்டு போங்கள். ஒரு நிமிடமும் தாமதிக்கக் கூடாது.

இத்தனையும் இல்லாமல் விழுந்த ஒரு நாயைப் பற்றித்தான் நான் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

சாத்தூர்ப் பக்கம் எனக்குப் பழக்கமான ஒரு விவசாயி. உளுந்தும் மக்காச்சோளமும் போடுகிறவர், ஆடும் வைத்திருக்கிறார். மகன் கோயம்புத்தூரிலிருந்து ஒரு லாப்ரடார் குட்டியைக் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போய்விட்டான். பட்டணத்து ஜாதி நாய் என்றாலும் கேப்பைக் களி தின்று, ஆட்டோடு படுத்து நன்றாகத்தான் வளர்ந்தது. ஒரு வயது ஆகும்போது விழ ஆரம்பித்தது.

"சார், ஒரே ஆச்சரியமா இருக்கு. ஆட்டோட பொழுதன்னைக்கும் நடக்குது, ஒண்ணும் ஆகறதில்ல. நான் மொபெட்டை உதைச்சா போதும், தலைகால் தெரியாம குதிக்கும். பின்னாலயே ஓடியாரும். ஒரு மைல் தாண்டறதுக்குள்ள பின்னங்கால் ரெண்டும் துணி மாதிரித் தொங்கிரும். மார்கழி மாசத்துலயும் இப்படித்தான் விழுது. யாரோ செய்வினை வச்சிட்டாங்கன்னு வீட்டுல சொல்றா" என்றார்.

"அண்ணாச்சி, செய்வினை எல்லாம் இருக்கட்டும். நடந்தால் விழுவதில்லை, குதியாட்டம் போட்டு ஓடினால் விழுகிறது என்று சொல்கிறீர்களே, இதை அப்படியே மருத்துவரிடம் சொல்லுங்கள்" என்று சொல்லி, நானும் கூடப் போனேன்.

மருத்துவர் இருதயத்தைப் பார்த்தார், இரத்தத்தைப் பார்த்தார். எல்லாம் சரியாக இருந்தது. லாப்ரடார் இனத்தில் பிறவியிலேயே வருகிற ஓட்டத் தளர்ச்சி இது என்றார். ஆங்கிலத்தில் இ.ஐ.சி. என்று மூன்று எழுத்தில் சொல்கிறார்கள். பெரும்பாலும் ஐந்து மாதத்துக்கும் மூன்று வயதுக்கும் இடையில் முதல் தடவை வெளியே தெரியும். ஐந்து முதல் பதினைந்து நிமிடம் மும்முரமாக ஓடினால் தளரும். ஓட்டத்தை நிறுத்திய பிறகும் நாலைந்து நிமிடம் தளர்ச்சி கூடிக்கொண்டே போகும். பார்க்கிறவருக்குப் பயமாக இருக்கும். பிறகு இறங்கி, பெரும்பாலும் அரை மணி நேரத்துக்குள் பழையபடி ஆகிவிடும். ஆனால் கால் தள்ளாட ஆரம்பித்த பிறகும் ஓடவிட்ட நாய்கள் சில அப்படியே இறந்து போயிருக்கின்றன. ஆகவே முதல் தள்ளாட்டத்திலேயே நிறுத்திவிட வேண்டும்.

இதற்குக் காரணமான மரபணுவை அமெரிக்காவில் மினசோட்டா பல்கலைக்கழகத்துக்காரர்கள் கண்டுபிடித்து 2008ல் வெளியிட்டார்கள். நரம்பு நுனியிலிருந்து ஒரு இரசாயனப் பொருள் சுரந்துதான் சதையை இயக்குகிறது. சுரந்த பைகளைத் திரும்ப எடுத்து நிரப்புவதற்கு டைனமின் என்ற ஒரு புரதம் வேண்டும். இந்த நாய்களில் அந்தப் புரதம் கொஞ்சம் குறைபாடானது. நம் கிணற்றை வைத்துப் பாருங்கள். ஊற்று பலவீனமான கிணறு. கொஞ்ச நேரம் இறைத்தால் தாங்கும். ஐந்து குதிரைச் சக்தி மோட்டாரைப் போட்டு விடாமல் இறைத்தால் அடித்தரை தெரிந்துவிடும். மோட்டாரை நிறுத்தினால் தண்ணீர் ஊறி மறுபடி ஏறும். கிணறு செத்துப் போகவில்லை. ஊறுகிற வேகத்தை மீறி இறைத்துவிட்டோம், அவ்வளவுதான். ஆட்டோடு நடப்பது கமலை இறைப்பு. மொபெட் பின்னால் ஓடுவது மோட்டார் இறைப்பு.

தாய் நன்றாக இருக்கிறது, தகப்பன் நன்றாக இருக்கிறது, குட்டிக்கு மட்டும் எப்படி வந்தது என்று அண்ணாச்சி கேட்டார். இதற்கு என்னிடமே பதில் இருந்தது. 1966ல் ஐ.ஆர்.8 நெல் வந்ததே, அதன் குட்டைத் தன்மையும் இப்படித்தான் ஒளிந்து வருவது. நெட்டையையும் குட்டையையும் ஒட்டுச் சேர்த்தபோது முதல் தலைமுறை எல்லாம் நெட்டையாகவே நின்றது. அதை விதைத்து எடுத்த இரண்டாம் தலைமுறையில் நாலில் ஒன்று குட்டையாக வந்தது. அதே கணக்குத்தான் இங்கேயும். தாயிடமிருந்து ஒன்று, தகப்பனிடமிருந்து ஒன்று என்று இரண்டு பக்கமும் வந்தால்தான் குட்டி விழும். ஒரு பக்கம் மட்டும் வந்தால் வெளியே தெரியாது. அமெரிக்காவில் சோதித்த லாப்ரடார்களில் ஏறத்தாழ மூன்றில் ஒன்று இப்படி ஒளித்து வைத்திருக்கிறது. விழுகிற நாயை இனப்பெருக்கத்துக்கு விடாதீர்கள். குட்டிக்கு விலை பேசும்போது, தாய் தகப்பனுக்கு மரபணுச் சோதனை செய்திருக்கிறதா என்று கேளுங்கள். விதைச் சான்று கேட்பதற்குத் தயங்காதவர்கள் இதைக் கேட்பதற்கு ஏன் தயங்க வேண்டும்?

நோய்க்குப் பெயர் தெரிந்துவிட்டது. அதற்கு அப்புறம் நடந்ததுதான் எனக்குப் பெரிய பாடம். இந்த நாய் விழுவதற்கு ஓட்டம் பாதி, படபடப்பு பாதி. ஒரே தூரம் ஓடினாலும், குதூகலத்திலோ பயத்திலோ கிளர்ந்து போன நாய் சீக்கிரம் விழும். அண்ணாச்சிக்குப் பாவம், நாய் செத்துவிடுமோ என்ற பயம். வீட்டுக்கு வந்ததும் வேப்பமரத்தில் சங்கிலி போட்டுக் கட்டிவிட்டார். இரவு பகலாக அங்கேயே கிடந்தது. ஒரு மாதம் கழித்து நான் போய்ப் பார்த்தேன். மரத்தைச் சுற்றிச் சுற்றி வட்டமாகத் தரை குழிந்திருந்தது. முனகல் நிற்கவில்லை. என்னைக் கண்டதும் சங்கிலி கழுத்தை அறுக்கிற மாதிரி எகிறியது. பேரன் பரிதாபப்பட்டு அவிழ்த்துவிட்டான். வெடித்துக்கொண்டு கிளம்பின நாய் வைக்கோல் போரை இரண்டு சுற்றுச் சுற்றியது. மூன்றாவது சுற்றில் விழுந்தது. முன்பு ஒரு மைல் தாங்கின நாய் இப்போது அரைப் பர்லாங்குகூடத் தாங்கவில்லை.

அதாவது, விழாமல் இருக்கட்டும் என்று கட்டினதே அதை விழத் தள்ளியது. கட்டிப் போட்ட நாயின் உடம்பில் சக்தியும் மனத்தில் ஏக்கமும் சேர்ந்துகொண்டே போகும். அவிழ்த்த நிமிடத்தில் இரண்டும் ஒன்றாகக் கிளம்பும். ஓடவிடவும் கூடாது, கட்டியே போடவும் கூடாது என்றால் என்னதான் செய்வது என்று அண்ணாச்சி சலித்துக்கொண்டார்.

மருத்துவர் சொன்னபடி நாங்கள் செய்ததைச் சொல்கிறேன். காலையில் வெயில் ஏறுமுன், மாலையில் வெயில் தாழ்ந்தபின், கயிற்றில் பிடித்து நிதானமாக நடத்த வேண்டும். தினமும் நடத்த வேண்டும், ஒரு நாள் விட்டு ஒரு நாள் கூடாது. பிறகு ஆட்டோடு பழையபடி போகலாம். நடை இவ்வளவு தூரம்தான் என்று கணக்கில்லை. மெதுவாக இருக்க வேண்டும் என்பதுதான் கணக்கு.

மொபெட் சத்தம்தான் அதைக் கிறுக்காக்கியது. ஆகவே அந்தச் சத்தத்தின் அர்த்தத்தை மாற்ற வேண்டியிருந்தது. அண்ணாச்சி தினமும் ஏழெட்டுத் தடவை வண்டியை ஸ்டார்ட் செய்வார், அணைப்பார், எங்கேயும் போக மாட்டார். நாய் குதித்தால் அதைப் பார்க்கவும் மாட்டார். அது களைத்துப் போய் உட்கார்ந்தால் அவித்த முட்டையில் ஒரு துண்டு போடுவார். முதல் வாரம் ஊரே சிரித்தது. 'கிழவனுக்கு வண்டியும் கெட்டுப்போச்சு, புத்தியும் கெட்டுப்போச்சு' என்று அவர் மச்சானே சொன்னாராம். மூன்றாவது வாரம் வண்டிச் சத்தம் கேட்டால் நாய் ஓடி வருவதற்குப் பதிலாக உட்கார்ந்து அவர் கையைப் பார்க்க ஆரம்பித்தது. வெளியே கிளம்ப வேண்டுமென்றால் நாயை முதலில் உள்ளே விட்டுத் தாழ் போட்டுவிட்டு வண்டியைத் தெருவரைக்கும் தள்ளிக்கொண்டு போய் எடுத்தார்.

அவிழ்ப்பதற்கும் ஒரு முறை வைத்துக்கொண்டார்கள். எகிறும்போது அவிழ்ப்பதில்லை. நாலு காலும் தரையில் இருக்கும்போதுதான் சங்கிலியில் கை வைப்பது. சத்தம் போடுவதில்லை, கொஞ்சுவதும் இல்லை. பிள்ளைகளிடம் 'சூ, பிடி!' என்று ஏவக் கூடாது, பந்து எறியக் கூடாது என்று சொல்லி வைத்தார்கள். பிள்ளைகளை அடக்குவதுதான் நாயை அடக்குவதை விடக் கஷ்டமாக இருந்தது என்பது வேறு விஷயம்.

இதில் வீட்டாருக்கும் ஒரு பங்கு உண்டு. கால் தள்ளாடினால் 'ஐயோ, விழப்போகுது!' என்று நாலு பேர் கத்திக்கொண்டு ஓடுவார்கள். அதைக் கேட்டு நாய் இன்னும் படபடக்கும், எழப் பார்க்கும், மறுபடி விழும். ஒருவர் மட்டும் அமைதியாகப் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து, தோளில் கையை வைத்து, எழவிடாமல் லேசாகப் பிடித்துக்கொள்ள வேண்டும். நிழல் இல்லையென்றால் துண்டை விரித்து நிழல் பிடியுங்கள். உடம்பு கொதித்தால் தண்ணீர் ஊற்றுங்கள். வெப்பமானியால் பார்க்கத் தெரிந்தவர்களுக்கு ஒரு வார்த்தை: நாயின் இயல்பான சூடு 101 முதல் 102.5 டிகிரி வரை. மும்முரமாக ஓடிய நல்ல நாய்க்கும் 106 வரை ஏறும். ஓய்வில் தானே இறங்கிவிடும். ஓய்விலும் 105க்குக் கீழே வரவில்லை என்றால் அது வெப்பத் தாக்குதல். 103 ஆனதும் தண்ணீர் ஊற்றுவதை நிறுத்திவிடலாம்.

தீபாவளியும் கோயில் கொடையும் இந்த மாதிரி நாய்க்குச் சோதனைக் காலம். வேட்டுச் சத்தத்தில் மிரண்டு கண்மண் தெரியாமல் ஓடி, எங்கேயோ ஓடையில் போய் விழுந்து கிடக்கும். வெடி போடுமுன் பொழுது இருக்கவே நடத்திவிட்டு, வயிற்றுக்குப் போட்டு, வீட்டுக்குள்ளே ஓர் அறையில் விட்டு ஜன்னலை மூடுங்கள். வானொலிப் பெட்டியைச் சத்தமாக வையுங்கள். நம் உழவர் நிகழ்ச்சியைத்தான் வைக்க வேண்டும் என்பதில்லை, நாதஸ்வரக் கச்சேரி இருந்தால் இன்னும் நல்லது. பயந்த நாயைத் தடவிக் கொடுத்தால் பயந்தாங்கொள்ளியாகிவிடும் என்பார்கள். அப்படி ஒன்றும் ஆகாது. அண்டி வந்தால் பக்கத்தில் இருக்கவிடுங்கள். அதட்டுவதும் அடிப்பதும்தான் பயத்தை வளர்க்கும். இவ்வளவுக்கும் அடங்காத நாய்க்குக் கால்நடை மருத்துவர் அமைதிப்படுத்தும் மருந்து எழுதிக் கொடுப்பதுண்டு. அதை அவர்தான் நாயின் எடை பார்த்துக் கொடுக்க வேண்டும். வீட்டில் பாட்டிக்கு வாங்கின தூக்க மாத்திரையில் பாதியைக் கொடுக்கிற வேலை வேண்டாம்.

அண்ணாச்சியின் நாய்க்கு இப்போது ஆறு வயது. போன வருடம் ஒரே ஒரு தடவை விழுந்ததாம்; பக்கத்துத் தோட்டத்துக் கோழியைத் துரத்தினதில். மற்றபடி ஆட்டோடு போகிறது, இரவில் மக்காச்சோளக் காட்டில் பரண் அடியில் படுத்துக் குரைக்கிறது. பன்றியைத் துரத்துவதற்கு இன்னொரு நாட்டு நாய் வைத்திருக்கிறார். இது குரல் கொடுக்கும், அது ஓடும். அப்படி வேலையைப் பிரித்துக் கொடுத்துவிட்டார்.

கடைசியாக ஒன்று. உங்கள் நாய் இப்படி விழுந்தால், கையில் செல்போன் இருக்கிறதல்லவா, ஒருவர் நாயைப் பார்த்துக்கொள்ளும்போது இன்னொருவர் ஒரு நிமிடம் படம் பிடித்துக்கொள்ளுங்கள். மருந்தகத்துக்குப் போகிற நேரத்தில் நாய் நன்றாக எழுந்து வாலாட்டிக்கொண்டு நிற்கும், 'இதற்கு என்ன?' என்றுதான் யாருக்கும் கேட்கத் தோன்றும். எவ்வளவு நேரம் ஓடியது, முன்னங்கால் முதலில் போனதா பின்னங்கால் போனதா, கால் விறைத்ததா துவண்டதா, கூப்பிட்டால் பார்த்ததா, எத்தனை நிமிடத்தில் எழுந்தது, ஈறு என்ன நிறம் என்பதை ஒரு சீட்டில் எழுதி, அந்தப் படத்தோடும் தடுப்பூசிச் சீட்டோடும் கொண்டு போய்க் காட்டுங்கள். கொண்டு போகும்போது மொபெட்டுக்குப் பின்னால் ஓடவிட்டுக் கொண்டு போகாதீர்கள்.